பதிவேட்டுக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் 50 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்குகிறவர் முத்திரைத் தீர்வையாக 7 விழுக்காடும் பதிவுக் கட்டணமாக 2 விழுக்காடும் செலுத்த வேண்டும். மொத்தம் 4.5 லட்சம் ரூபாய். இத்தனையும் கட்டிய பிறகு அரசு அவருக்குத் தருவது ஒரே ஓர் உறுதிதான்: இன்னார் இன்னாருக்கு இந்தப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தார், அது இந்தத் தேதியில் பதிவானது. எழுதிக்கொடுத்தவருக்கு அந்த வீடு உண்மையில் சொந்தமா, அதில் வேறு யாருக்கும் பங்கு உண்டா, என்றோ நடந்த பாகப்பிரிவினையில் யாராவது விடுபட்டுப்போனார்களா என்பது பற்றி அரசு வாய் திறப்பதில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவுசெய்கிறது, உரிமையைப் பதிவுசெய்வதில்லை. அதனால்தான் வீடு வாங்குவோர் வழக்கறிஞரிடம் சட்டக் கருத்து கேட்கிறார்கள், 30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், தாய்ப்பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். இவ்வளவு பார்த்தும் ஏதாவது தவறிப்போனால் நட்டம் முழுவதும் வாங்கியவர் தலையில்தான் விழுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கிறோம் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு 2022 முதல் பதிவுச் சட்டத்திலும் விதிகளிலும் அடுத்தடுத்துத் திருத்தங்கள் செய்துவருகிறது. போலிப் பத்திரங்களைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் இந்தத் திருத்தங்கள் அனைத்தும் ஒரே திசையில் போகின்றன. நிரூபிக்கும் சுமை சொத்துக்காரர் மேல் ஏறுகிறது. தீர்ப்புச் சொல்லும் வேலை பதிவு அலுவலரிடம் போகிறது. அரசு தன் சொந்தப் பதிவேடுகளுக்குப் பொறுப்பேற்கும் பேச்சு மட்டும் எங்கும் வருவதில்லை. பதிவுக்கு வருகிறவரிடம் மேலும் மேலும் காகிதம் கேட்பதால் மோசடி நிற்காது. கட்டணம் வாங்கும் அரசு, தான் வைத்திருக்கும் பதிவேட்டைச் சரிசெய்து, அதை நம்பி வாங்கியவருக்கு நட்டம் வந்தால் ஈடுகட்டும் கடமையையும் ஏற்றாக வேண்டும். நம் சட்டங்கள் போகவேண்டிய திசை அதுதான்.

நடந்ததைப் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் 22-பி, 77-ஏ ஆகிய பிரிவுகளைச் சேர்த்தது. போலி ஆவணம் என்றால் பதிவை மறுக்க வேண்டும் என்றது முதலாவது. ஏற்கெனவே பதிவான பத்திரத்தையே மாவட்டப் பதிவாளர் விசாரித்து ரத்து செய்யலாம் என்றது இரண்டாவது. அதே ஆண்டு செப்டம்பரில் பதிவு விதிகளில் 55-ஏ என்ற புதிய விதியும் வந்தது. சொத்தை விற்பவர் தன் பெயரில் உள்ள முந்தைய மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் நேரில் காட்ட வேண்டும். பத்திரம் தொலைந்திருந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல்துறை தரும் சான்றும் நாளிதழ் விளம்பரமும் வேண்டும். இல்லாவிட்டால் பதிவு இல்லை என்றது அந்த விதி. 77-ஏ பிரிவை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. பதிவான ஆவணம் போலியா இல்லையா என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. சாட்சிகளை முறையாக விசாரிக்கும் பயிற்சியோ அமைப்போ இல்லாத நிர்வாக அலுவலர் ஒருவர், தலைமுறைக்கு முந்தைய கிரயத்தையும் ஒரு மனுவின் பேரில் அழித்துவிடலாம் என்ற நிலை எந்தச் சொத்துக்காரருக்கும் பாதுகாப்பாகாது.

55-ஏ விதியின் முதல் உட்பிரிவை 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு ரத்து செய்தது. அதன் காரணம் தெளிவானது. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலையே அல்ல. ஆவணத்தை எழுதிக்கொடுத்தவர் அதை ஒப்புக்கொள்கிறாரா, முறைப்படி தீர்வையும் கட்டணமும் செலுத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துப் பதிவுசெய்ய வேண்டியதுதான். உரிமை இல்லாதவர் விற்றால் வாங்கியவருக்கு உரிமை போய்ச் சேராது, அவ்வளவே. மூலச் சட்டம் கொடுக்காத அதிகாரத்தை விதி மூலம் உண்டாக்க முடியாது. தீர்ப்பு வந்த அதே மாதத்திலேயே சட்டமன்றத்தில் திருத்த மசோதா ஒன்று நிறைவேறியது. விதியாக இருந்து வீழ்ந்ததைச் சட்டப் பிரிவாகவே கொண்டுவந்து, மூலப்பத்திரத்தைக் காட்டுவதைக் கட்டாயமாக்குவது அதன் நோக்கம். பதிவு என்பது அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள விஷயம். மாநிலம் திருத்தம் கொண்டுவரலாம், மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். எனவே சட்டமன்றத்துக்கு இதில் அதிகாரமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதிகாரம் இருப்பது வேறு, அந்த அதிகாரத்தால் நினைத்த காரியம் நடப்பது வேறு.

மூலப்பத்திரம் கையில் இருப்பது எதைக் காட்டுகிறது? அந்தக் காகிதம் இன்று யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும். பதிவான ஒவ்வொரு கிரயப் பத்திரத்தின் நகலும் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம் என்று அதே 1908ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வில்லங்க விவரங்களை இணையத்திலேயே பார்க்க முடிகிறது. அப்படியிருக்க, முந்தைய பத்திரம் உண்மையானதா என்று சார்பதிவாளருக்குத் தெரிய வேண்டுமானால் அவர் பார்க்க வேண்டியது தன் அலுவலகப் புத்தகத்தை. முன்னால் நிற்பவர் நீட்டும் தாளை வைத்துக்கொண்டு எதைத் தீர்மானிப்பது? போலி முத்திரைத்தாளில் போலிப் பத்திரம் தயாரிக்கத் தெரிந்தவனுக்குப் போலி மூலப்பத்திரம் தயாரிக்கத் தெரியாதா? மேசைக்கு வரும் தாளைக் கண்ணால் பார்த்து அசலா நகலா என்று சொல்லும் ஆய்வுக்கூடம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இல்லை. துறை தன்னிடம் உள்ள ஆதாரத்தை விட்டுவிட்டு, எளிதில் போலி செய்யக்கூடிய ஆதாரத்தைக் கேட்கிறது.

இந்த நிபந்தனை மோசடிக்காரரைவிட நேர்மையானவர்களைத்தான் அதிகம் தடுக்கும் என்பது குடும்பச் சொத்துகளில் தெளிவாகத் தெரியும். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் அதற்கு முன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு உண்டு. 2005இல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. ஆனால் குடும்ப நிலத்தின் தாய்ப்பத்திரம் பெரும்பாலான வீடுகளில் மூத்த மகனின் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த மகள் தன் பங்கை விற்கவோ தன் பிள்ளைக்குத் தானமாக எழுதவோ போனால், பத்திரத்தைக் கொண்டுவா என்று அலுவலகம் கேட்கும். அண்ணன் தரமாட்டார். காவல் நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுக்கவும் முடியாது. பத்திரம் காணாமல் போகவில்லை, இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். சட்டம் கொடுத்த பங்கைப் பதிவு மேசை மறுக்கிறது. மறுபக்கம், பத்திரத்தை வைத்திருக்கும் அண்ணன் தங்கையின் பெயரையே மறைத்து முழு நிலத்தையும் விற்க வந்தால், அவர் கையில் மூலப்பத்திரம் பளிச்சென்று இருக்கும். கேட்ட காகிதம் கிடைத்துவிட்டதால் பதிவும் நடந்துவிடும். பங்கை அபகரிப்பவரை உள்ளே விட்டு, பங்குள்ளவரை வாசலிலேயே நிறுத்தும் ஏற்பாடு இது. பத்திரத்தை வெள்ளத்தில் இழந்தவர்களின் நிலையும் கடினமானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் வீட்டோடு ஆவணங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. தங்கள் பத்திரத்தின் நகல் அரசிடமே பத்திரமாக இருக்கும்போது, அவர்கள் ஏன் காவல் நிலையத்துக்கும் நாளிதழ் அலுவலகத்துக்கும் அலைய வேண்டும்?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நில அபகரிப்பு கற்பனையல்ல. வெளிநாட்டில் இருப்பவரின் புறநகர் மனையை ஆள்மாறாட்டம் செய்து விற்பது, இறந்தவர் உயிரோடு இருப்பதாகக் காட்டிப் பவர் பத்திரம் தயாரிப்பது, போலி வாரிசுச் சான்று வைத்து முதியவரின் நிலத்தைக் கைமாற்றுவது எல்லாம் நடக்கின்றன. பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கு முடிய ஒரு தலைமுறை ஆகலாம். அவரிடம் போய் சட்டத் தத்துவம் பேசிப் பயனில்லை, வாசலிலேயே தடுப்பதுதான் கருணை என்று அரசுத் தரப்பு சொல்லும். அந்த வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த மோசடிகள் எந்த இடத்தில் நடக்கின்றன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவை ஆள் யார் என்பதில் நடக்கின்றன. ஆளை அடையாளம் காணும் கடமை பதிவு அலுவலருக்குப் பழைய சட்டத்தின் 34ஆம் பிரிவிலேயே இருக்கிறது. புகைப்படமும் கைரேகையும் எடுக்கும் ஏற்பாடு 32-ஏ பிரிவில் இருக்கிறது. ஒரு புல எண்ணின் மேல் யாராவது ஆவணம் தாக்கல் செய்ய டோக்கன் போட்டவுடனே, அந்தச் சொத்தின் பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவரின் கைப்பேசிக்குத் தகவல் போக வேண்டும். அவர் ஆட்சேபம் தெரிவித்தால் சில நாட்கள் பதிவை நிறுத்திவைத்து ஆளைச் சரிபார்க்க வேண்டும். முன்பு அவர் வாங்கியபோது எடுத்த கைரேகையை இன்று விற்க வந்தவரின் கைரேகையோடு ஒப்பிட வேண்டும். துபாயில் இருப்பவரின் மனையைக் காப்பாற்றப்போவது இந்த வேலைகள்தான். மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்று ஆள்மாறாட்டக்காரன் காவல் நிலையத்தில் சான்று வாங்கி வருவதை 55-ஏ போன்ற விதியால் தடுக்க முடியாது. அந்தச் சான்றைச் செல்லுபடியாக்குவதே அந்த விதிதான்.

சார்பதிவாளரின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பழைய சட்டத்தின் 86ஆம் பிரிவு நல்லெண்ணத்தோடு செய்த வேலைக்காக அவர்மேல் வழக்கு போட முடியாது என்று காப்பு தருகிறது. 2022 திருத்தம் சேர்த்த 81-ஏ பிரிவோ தடைசெய்யப்பட்ட ஆவணத்தைப் பதிவுசெய்யும் அலுவலருக்குச் சிறைத் தண்டனை வரை விதிக்கிறது. தவறாகப் பதிவுசெய்தால் சிறை, தவறாக மறுத்தால் எதுவும் இல்லை என்றால் எந்த மனிதரும் மறுக்கத்தான் செய்வார். மறுப்புக்குக் காரணத்தை எழுதித்தர வேண்டும், 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் மறுக்காமல், அந்தக் காகிதம் கொண்டுவாருங்கள், இந்தக் காகிதம் கொண்டுவாருங்கள் என்று வாய்மொழியில் திருப்பி அனுப்பினால் மேல்முறையீட்டுக்கு ஏது வழி? ஒவ்வொரு புதிய நிபந்தனையும் ஒரு புதிய பேரத்துக்கு இடம் தருகிறது என்பது பத்திர எழுத்தர்களுக்கும் வீட்டுத் தரகர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

மூலப்பத்திரம் வேண்டாம், பட்டாவைக் கட்டாயமாக்கலாமே என்பார் சிலர். பீகார் அரசு 2019இல் அதைத்தான் செய்தது. விற்பவரின் பெயரில் வருவாய்த் துறைப் பதிவு இருந்தால்தான் கிரயம் பதிவாகும் என்று விதி கொண்டுவந்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஜாய்மால்ய பாக்சி அமர்வு அதையும் ரத்து செய்தது. நாட்டின் உரிமையியல் வழக்குகளில் சுமார் 66 விழுக்காடு சொத்து தொடர்பானவை என்ற மதிப்பீட்டையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டில் பட்டாவின் நிலை தெரிந்தவர்களுக்கு அதில் ஏன் எச்சரிக்கை வேண்டும் என்பது விளங்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புகுந்த பிழைகளை, யூ.டி.ஆர். பிழை என்ற பெயரில், கிராமங்கள் இன்றும் சுமந்துகொண்டிருக்கின்றன. நிலத்தில் இருப்பவர் ஒருவர், பட்டாவில் இருப்பவர் இன்னொருவர், பத்திரத்தில் இருப்பவர் மூன்றாமவர். பதிவேடு ஒரு துறையிடம், பட்டாவும் புலப்படமும் வருவாய்த் துறையின் கீழ், சொத்துவரிப் பெயர் உள்ளாட்சியிடம். ஒரே மனைக்கு மூன்று அரசு ஆவணங்கள், மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. வாரிசுரிமையும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வில்லங்கத்தில் வருவதே இல்லை. உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களுக்குப் பட்டா தானாக மாறும் வசதி வந்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் தலைவலி முழுவதும் உட்பிரிவு செய்ய வேண்டிய நிலங்களில்தான் இருக்கிறது.

எனவே கேள்வி பொறுப்பைப் பற்றியதாகிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18(2) பிரிவு கவனிக்கத் தக்கது. மனை போட்டு விற்ற நிறுவனத்தின் நில உரிமையில் குறை இருந்து, வாங்கியவருக்கு நட்டம் வந்தால் நிறுவனம் ஈடுகட்ட வேண்டும். எத்தனை ஆண்டு கழித்துக் கேட்டாலும் காலவரம்பைக் காட்டித் தப்ப முடியாது. தனியார் கட்டுநரிடம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது முற்றிலும் நியாயம். ஆனால் அந்தக் கட்டுநர் அரசின் வில்லங்கத்தையும் அரசின் பட்டாவையும் நம்பித்தான் நிலம் வாங்கினார். பதிவேட்டின் பிழையால் விளைந்த நட்டத்துக்கும் அவரே பொறுப்பு, பதிவேட்டை வைத்திருக்கும் அரசுக்குப் பொறுப்பு இல்லை என்பது எப்படிச் சரியாகும்? பழைய வீடு ஒருவர் கை மாறி இன்னொருவர் கைக்குப் போகும் மறுவிற்பனையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒழுங்குமுறைச் சட்டம் இல்லை, தரகருக்குப் பதிவும் இல்லை, யாரும் எதற்கும் பொறுப்பில்லை.

அரசு உரிமைக்கு உறுதி கொடுப்பது நடக்காத காரியம் அல்ல. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை. பதிவேட்டின் தவறால் ஒருவர் நிலத்தை இழந்தால் நட்டஈடு உண்டு. மலேசியாவின் நிலச் சட்டம் அந்த வழியில் வந்ததுதான். அங்குள்ள தமிழர்கள் வீடு வாங்குவது அந்த முறையில்தான். இந்தியாவிலும் ராஜஸ்தான் 2016இல் நகர்ப்புற நில உரிமைக்குச் சான்று தரும் சட்டத்தை இயற்றியது. ஆனால் ஆந்திரத்தைப் பார்த்து அஞ்சுகிறவர்களின் அச்சம் வெறும் அச்சமல்ல. அங்கே 2023இல் நடைமுறைக்கு வந்த நில உரிமைச் சட்டம் உரிமையியல் நீதிமன்றங்களை ஒதுக்கிவைத்து, அரசு நியமிக்கும் அலுவலர் கையில் தீர்ப்பைக் கொடுத்தது. வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள், மக்கள் தங்கள் நிலம் பறிபோகும் என்று பயந்தார்கள், 2024இல் ஆட்சி மாறியதும் அது ரத்தானது. தெலங்கானாவில் 2020இல் வந்த தரணி இணையதளம் பிழைகளைத் திருத்த அருகில் வழி வைக்காததால் விவசாயிகளை அலைக்கழித்து, கடைசியில் 2025இல் பூ பாரதி என்ற வேறு ஏற்பாட்டுக்கு வழிவிட்டது. இரண்டுமே அலுவலரின் அதிகாரத்தை ஒரே அடியில் கூட்டின. தவறு நடந்தால் குடிமகன் எங்கே போவது, நட்டத்தை யார் தருவது என்பதற்கு உருப்படியான விடை வைக்கவில்லை. தமிழ்நாட்டின் 77-ஏ பிரிவுக்கும் இதே கோளாறுதான்.

கருவூலத்துக்குத் தாங்குமா என்பது அடுத்த மறுப்பு. நூறாண்டுக் குழப்பம் உள்ள எல்லா நிலத்துக்கும் நாளையே உறுதி கொடு என்று கேட்டால் தாங்காதுதான். அப்படிக் கேட்க வேண்டியதில்லை. நகர் ஊரமைப்புத் துறையோ பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ ஒப்புதல் தந்து, ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிவாகி, புதிதாகப் பிரிக்கப்படும் மனைகளிலிருந்து தொடங்கலாம். அவற்றின் எல்லை அளந்தாகிவிட்டது, முந்தைய உரிமைத் தொடரை அரசு அலுவலர்களே பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்கு மட்டும் பதிவு, பட்டா, புலப்படம் மூன்றையும் ஒரே எண்ணின் கீழ் கொண்டுவந்து, இந்தப் பதிவேட்டை நம்பி வாங்கியவருக்குப் பதிவேட்டின் தவறால் வரும் நட்டத்தை அரசு தரும் என்று சட்டத்தில் எழுதலாம். பதிவுக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்கான நிதியத்தில் போடலாம். 50 லட்சம் ரூபாய்க் கிரயத்தில் அது 10,000 ரூபாய். வாங்குகிறவர் புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். இப்போதே கட்டுகிற ஒரு லட்சத்திலிருந்து எடுப்பதுதான். நட்டஈடு தன் பையிலிருந்து போகும் என்று வந்துவிட்டால், பதிவேட்டைச் சரியாக வைத்துக்கொள்வதில் துறைக்கே அக்கறை பிறக்கும். இன்று அந்த அக்கறைக்குக் காரணமே இல்லை. பழைய நிலங்களில் எழும் போலிப் பத்திரப் புகார்களுக்கு, மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைமையில், காலக்கெடுவோடு விசாரிக்கும் தனித் தீர்ப்பாயங்கள் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் கேட்கப்பட்ட வேகத்தை அங்கே கேட்கலாம். சாட்சி விசாரணையும் மேல்முறையீடும் அங்கே கிடைக்கும்.

மூலப்பத்திரக் கட்டாயத்தை அரசு எப்படியும் வைத்துக்கொள்வதென்றால், அதன் விதிகளிலாவது மூன்று விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும். துறையின் 1ஆம் புத்தகத்தில் நகல் இருக்கும் பத்திரத்துக்கு அசலைக் கேட்கக் கூடாது. அலுவலகமே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கூட்டுப் பங்காளி ஒருவர் பிரிபடாத தன் பங்கை மட்டும் எழுதிக்கொடுக்கும்போது, வேறொரு பங்காளியிடம் பத்திரம் இருப்பதைக் காரணம் காட்டிப் பதிவை மறுக்கக் கூடாது. திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் அன்றைக்கே காரணத்தோடு எழுத்து மூலமான மறுப்பாணை தர வேண்டும், தராத அலுவலர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.